பேனா மாயம்! பையன் மீது பழி! துப்புத் துலக்கியது தச்சரின் ரசமட்டம்!

சென்னை.

பூட்டு உடைக்கப்படவில்லை. கதவு நெம்பப்படவில்லை. கல்லாப் பெட்டியில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால், கண்ணாடி மேஜை மேல் இருந்த பேனாக்களில் ஒன்றைக் காணோம்!

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் உள்ள சின்னப் பேனாக் கடையில் நடந்த சம்பவம் இது. காணாமல் போன பேனாவின் விலை ரூ.3 ஆயிரத்து 800.

அதைவிடப் பெரிய பொருள் ஒன்றும் அன்றைக்கு அந்தக் கடையில் போயிற்று. 19 வயது இளைஞர் ஒருவரின் நல்ல பெயர்தான் அது!

சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யார் பெயரையும் இங்கே போடவில்லை.

கையால் கடைந்த பேனா

ஒரு பேனாவுக்கு இவ்வளவு விலையா என்று சிலர் கேட்கலாம்.

இது அச்சில் ஊற்றி எடுக்கும் பிளாஸ்டிக் பேனா அல்ல. எபோனைட் என்னும் கெட்டி ரப்பர் தண்டை லேத்தில் மாட்டி, ஒவ்வொன்றாகக் கடைந்து, மரை வெட்டி, தேய்த்துப் பளபளப்பு ஏற்றி எடுக்கும் பேனா. மூடி ஒரு தண்டு, உடல் ஒரு தண்டு. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரியாகச் சேராது.

ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடு ஏற்றினால் அது மரம்போல் இறுகிவிடும். அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் என்பவர் 1851-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கருங்காலி மரம்போல் கறுப்பாக, வழவழப்பாக இருந்ததால், கருங்காலியின் ஆங்கிலப் பெயரையொட்டியே எபோனைட் என்று பெயர் வைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு இந்தத் தொழில் சுதேசி காலத்தில் வந்தது. ஆந்திராவில் ராஜமுந்திரியைச் சேர்ந்த கே.வி.ரத்னம் உள்நாட்டிலேயே செய்த பேனாவை காந்திஜிக்கு அனுப்பினார். அதைப் பாராட்டி 1935-ல் காந்திஜி கடிதம் எழுதினார். சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளைகள் என்று பேனா கடையும் குடும்பப் பட்டறை இன்றும் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் வருகிறது.

பால்பாயிண்ட் பேனா வந்து, செல்போனும் வந்து, எழுதுவதே குறைந்துபோன காலத்தில் இந்தப் பேனாக்கள் பிழைத்திருப்பதே பெரிய விஷயம். அப்படிப் பிழைத்த பேனாவை விற்கும் கடைதான் இது. முதலாளி ஒருவர், கடைப் பையன் ஒருவர். மொத்த ஆள் பலம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை...

அன்று சனிக்கிழமை. மாலை 6 மணி. கடையில் நல்ல கூட்டம்.

ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பரிசு கொடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் நிப்பு மாற்ற வந்திருந்தார். அப்பாவும் மகளும் சும்மா பார்க்க வந்திருந்தார்கள்.

பெட்டி பெட்டியாகத் திறந்தார்கள். பேனாக்களை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார்கள். மொத்தம் 11 பேனா. ஒருவர் எடுத்துப் பார்த்து இங்கே வைத்தார். இன்னொருவர் எடுத்து அங்கே வைத்தார். ஐந்து நிமிடத்தில் எது எந்தப் பெட்டிப் பேனா என்றே தெரியவில்லை.

இரவு 8½ மணிக்குக் கடை கட்டும்போது எண்ணினார்கள். 10 பேனாதான் இருந்தது. விற்றது ஒன்றும் இல்லை.

மறுபடி எண்ணினார்கள். 10!

கேமரா என்ன சொன்னது?

கடையில் கேமரா இருக்கிறது. போட்டுப் பார்த்தார்கள். கேமரா என்னவோ வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால், அந்த ஒரு மணி நேரமும் அது படம் பிடித்தது முதலாளியின் முதுகைத்தான்!

பெட்டிகளைத் திறந்ததும் மூடியதும் பையன். உள்ளே வந்ததும் வெளியே போனதும் பையன். டீ வாங்கப் போனதும் பையன்.

முதலாளி பையனைப் பார்த்தார். பையனின் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையையும் வாங்கித் திறந்து பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

பையன் எதுவும் பேசவில்லை. காலி டிபன் டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. மீதிச் சம்பளத்தைக் கேட்கவும் வரவில்லை.

"பார்த்தீங்களா, வரலே! அப்போ அவன்தான்" என்று முடிவு கட்டினார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள்.

யார் மீது புகார்?

அந்த வாரம்தான் முதலாளி நம்மைப் பார்த்தார். போலீஸ் நிலையம், கோர்ட்டு என்று அலையும் நிருபர் என்பதால் யோசனை கேட்டார்.

"ஸ்டேஷன்லே புகார் கொடுத்தா எடுத்துக்குவாங்களா?" என்றார்.

"பையன் எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டோம்.

"இல்லே."

"வேறு யாராவது?"

"இல்லே."

"அப்போ யார் மீது புகார் கொடுப்பீர்கள்?"

அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போனது போகட்டும். இனிமேல் போகாம இருக்கணும். பேனாவை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு செய்யச் சொல்லியிருக்கேன். நாளைக்கு மேஸ்திரி வர்றார்" என்றார்.

மறுநாள் நாமும் போனோம்.

ஷோகேஸ் நகர்ந்தது, உண்மை தெரிந்தது!

தச்சருக்கு வயது 60 இருக்கும். காதில் பென்சில். கையில் டேப்பு. தோளில் ஒரு துணிப் பை. வந்ததும் பேனாவைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்.

"ஸ்டாண்டு எங்கே வைக்கணும், சார்? இது மேலேதானே? அப்போ இதோட ஆழம் தெரியணும். கொஞ்சம் நகர்த்துங்க" என்றார்.

இரண்டு பேர் பிடித்து ஷோகேஸை முன்னால் இழுத்தார்கள். ஷோகேசுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. அந்தச் சந்தில், அடிக்கட்டை மேல், தூசிக்குள் கறுப்பாக ஏதோ கிடந்தது.

பேனா!

ரூ.3 ஆயிரத்து 800 விலையுள்ள அதே பேனா! மூடி போட்டபடியே இருந்ததால் நிப்பு தப்பித்தது. உடலில் மட்டும் ஒரு கீறல்.

முதலாளியின் முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது.

தச்சர் அந்தப் பேனாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கிளிப்பே இல்லையே, சார்" என்றார். கண்ணாடி மேல் வைத்தார். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு தானாக மெல்ல உருண்டு சுவர்ப் பக்கம் போயிற்று! விழுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு பக்கமாக ஓடியது. பழைய கட்டடம். தரை பின்பக்கம் இறங்கியிருந்தது.

"திருடன் யாருன்னு தெரியுதா? உங்க மேஜைதான் சார்!" என்றார் தச்சர்.

யாரும் சிரிக்கவில்லை.

தாயார் கேட்ட கேள்வி

அன்று மாலையே முதலாளி வியாசர்பாடிக்குப் போனார். பையன் வீட்டைத் தேடிப் பிடித்தார். மீதிச் சம்பளத்தைக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தார். நாமும் கூடப் போயிருந்தோம்.

பையன் வீட்டில் இல்லை. தாயார்தான் வாசலில் நின்று பேசினார். உள்ளே கூப்பிடவில்லை.

"பேனா கிடைச்சிடுச்சும்மா. தப்பு என் மேலேதான். பையனை நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

அந்த அம்மாள் கவரை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிடைச்சதால வந்தீங்க. கிடைக்காமலே போயிருந்தா, என் பிள்ளை திருடன்தானே?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் முதலாளி எதுவும் பேசவில்லை. பாரிமுனையில் இறங்கியதும் சொன்னார்: "மேஸ்திரிகிட்டே சொல்லணும். ஸ்டாண்டு பேனாவுக்கு மட்டும் இல்லே. இன்னொருத்தன் மேலே பழி வராம இருக்கிறதுக்கும்தான்."

முதலாளி கேட்டதும் தச்சர் மறுத்ததும்

முதலாளி மனதில் வேறு ஸ்டாண்டு இருந்தது. ஈட்டி மரத்தில் மூன்று படி. ஓரத்தில் தாமரைப் பூ செதுக்கல். அடியில் பித்தளைப் பட்டை.

தச்சர் மூன்றையும் மறுத்துவிட்டார். காரணத்தையும் சொன்னார்.

அவர் கூறியதாவது:-

"ஈட்டி மரம் கண்ட இடத்தில் வாங்கும் சரக்கு இல்லை. கணக்குப் பார்த்துத்தான் வாங்கணும். அது கிடக்கட்டும். உங்க பேனா கறுப்பு. ஈட்டியும் கறுப்பு. கறுப்பு மேலே கறுப்பை வெச்சா வாங்க வர்றவங்களுக்கு என்ன தெரியும்? பச்சையும் பழுப்புமாக அலை அலையா இருக்கிற பேனாவும் வெச்சிருக்கீங்க. அதைக் கோடு கோடா ஓடுற மரத்து மேலே வெச்சா, மரம் கத்தும், பேனா கத்தும். இரண்டும் காதில் விழாது.

"கொலு வைக்கிறோம். படியையா பார்க்கிறோம்? படி மேலே வெள்ளை வேட்டியை விரிச்சு மூடிடறோம். பொம்மைதான் தெரியணும். அதே மாதிரிதான் இதுவும். ஸ்டாண்டு நல்லா இருக்குன்னு எவனாவது சொன்னா, நான் செஞ்ச வேலை தப்பு."

இவ்வாறு அவர் கூறினார்.

ஈட்டி மரம் பற்றி அவர் சொன்னது சரியே. தமிழகத்தில் இந்த மரத்தைக் காப்பதற்காகவே 1994-ல் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது.

பால் பேனா ஆச்சு. கட்டை ஸ்டாண்டு ஆச்சு!

கடைசியில் தச்சர் தேர்ந்தெடுத்தது ரப்பர் மரம்!

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தோட்டம் தோட்டமாக இருப்பது. 25, 30 வருடம் பால் வடித்தபின் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி, புதுக் கன்று நடுவார்கள். வெட்டிய மரம் முன்பெல்லாம் விறகுக்குப் போனது. இப்போது மேஜை, நாற்காலிக்கு வருகிறது. வெளிர் நிறம். அதிகம் கோடு ஓடாது. விலையும் குறைவு.

ஒரு குறை உண்டு. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய மரமாகப் பார்த்து வாங்க வேண்டும். பச்சை மரத்தைத் தொடவே கூடாது.

"அந்த மரத்துப் பால்தான் உங்க பேனா. அந்த மரத்துக் கட்டையே அதுக்குப் பாயா இருக்கட்டும்" என்றார் தச்சர்.

மூன்று விதம், மூன்று கோளாறு

பேனா ஸ்டாண்டு பொதுவாக மூன்று விதம். தச்சர் மூன்றையும் வீணான பலகைத் துண்டில் செய்து கொண்டுவந்து காட்டினார்.

முதலாவது, கட்டையில் துளை போட்டுப் பேனாவை நிறுத்துவது. வீட்டு மேஜைக்குச் சரி. கடைக்கு ஆகாது. பேனாவில் பாதி துளைக்குள் போய்விடும். உள்ளே தூசி சேரும். போட்டு எடுக்க, போட்டு எடுக்க, உடல் உரசிப் பளபளப்பு போய்விடும்.

இரண்டாவது, தட்டில் பள்ளம் வெட்டிப் படுக்க வைப்பது. டிராயருக்குள் வைக்க இதுதான் நல்லது. ஆனால் மேஜை மேல் வைத்தால், குனிந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். நான்கு அடி தள்ளி நிற்கிறவருக்குத் தெரியாது.

மூன்றாவது, சாய்வுப் பலகை. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். இரண்டிலும் சீப்புப் பல் போல் அரைவட்டக் குழிகள். பேனா இரண்டு குழியில் சாய்ந்து படுக்கும். முழுப் பேனாவும் தெரியும். உருளவும் முடியாது.

"இதுதான் வேண்டும்" என்றார் முதலாளி.

எத்தனை சாய்வு? கேள்வி இங்கேதான் வந்தது.

15 டிகிரி சாய்வில் வைத்துப் பார்த்தார்கள். எதிரே நிற்கிறவருக்குப் பேனாவின் நீளம் தெரியவில்லை. மேலே எரியும் விளக்குதான் பளிச்சென்று தெரிந்தது. 45 டிகிரியில் வைத்தார்கள். நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு பேனாவை எடுக்கும்போது கை பட்டு, பக்கத்துப் பேனா துள்ளிக் கீழே வந்துவிட்டது! கடைசியில் 30 டிகிரி முடிவாயிற்று. சாய்வுப் பலகை 18 செ.மீ. நீளம் என்றால், பின்பக்க உயரம் 9 செ.மீ. வரும்.

விரலுக்கும் இடம் வேண்டும்

கடையில் உள்ள பேனாக்களை ஒவ்வொன்றாக அளந்தார். உடல் 13 மில்லி மீட்டர். மூடி 16 மில்லி மீட்டர். நீளம் 15 செ.மீ.க்குள் அடக்கம்.

"பேனாவை மட்டும் அளந்தா போதாது. விரலையும் அளக்கணும்" என்றவர், முதலாளியின் கட்டை விரலைப் பிடித்து டேப்பு வைத்தார்.

இரண்டு பேனாவுக்கு நடுவே விரல் நுழைய 14 மி.மீ. இடம் விட்டார். ஆக, ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடுவுக்கு 30 மி.மீ. மொத்தம் 12 குழி. இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு 30 மி.மீ. ஸ்டாண்டின் மொத்த நீளம் 39 செ.மீ. அதாவது பதினைந்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நெருக்கி வைத்தால் 20 பேனா வைக்கலாமே என்று கேட்டார் முதலாளி.

"வைக்கலாம். ஒண்ணை எடுத்தா இரண்டு கூட வரும். அப்புறம் மறுபடி உருளும். மறுபடி எண்ணணும். மறுபடி ஒருத்தன் பையைத் திறந்து பார்க்கணும்" என்றார் தச்சர்.

முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

ஒரே அறுப்பில் இரண்டு சீப்பு!

மேல் சட்டத்துக் குழியும் கீழ்ச் சட்டத்துக் குழியும் நேராக நிற்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பேனா கோணலாகப் படுக்கும். வரிசை கெட்டுவிடும்.

இதற்குத் தச்சர் செய்த வேலையைப் பார்த்து நாம் மூக்கில் விரல் வைத்தோம்.

ஒரு பலகை எடுத்தார். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு போட்டார். கோட்டின் மேல் 30 மி.மீ.க்கு ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு துளையாக 12 துளை. ஒவ்வொன்றும் 18 மி.மீ. அகலம். பிறகு அதே கோட்டின் மேல் ரம்பத்தை ஓட்டினார்.

ஒரு பலகை இரண்டு சட்டம் ஆயிற்று! 12 வட்டம் 24 அரைவட்டம் ஆயிற்று! இரண்டும் ஒரே துளையில் பிறந்தவை. பிசகு எங்கே வரும்?

பேனா 16 மி.மீ.தானே, துளை ஏன் 18? குழிக்கு உள்ளே துணி ஒட்டுவதற்காக! சுற்றிலும் ஒரு மி.மீ. துணிக்குப் போய்விடும்.

வெல்வெட்டிலும் விஷயம் இருக்கிறது

துணியிலும் கவனம் வேண்டும் என்கிறார் தச்சர். ஏற்கெனவே ஒரு நகைக் கடைக்கு வேலை செய்து அடிபட்டவர்.

கம்பளித் துணி ஒட்டினால், கம்பளியில் இருக்கும் கந்தகம் வெள்ளிச் சாமானைக் கறுக்க வைக்கும். ரப்பர் ஷீட்டும் அப்படியே. பருத்தி வெல்வெட்தான் நல்லது. துணி ஒட்டிய அன்றே பேனாவை வைக்கக் கூடாது. பசை வாசனையும் பாலிஷ் வாசனையும் முழுதாகப் போகும்வரை காற்றாடப் போட்டு வைக்க வேண்டும்.

எபோனைட் பேனாவே கந்தகம் சேர்ந்த சாமான்தான். உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பார்த்தால் தெரியும். அதனால் வெள்ளி வளையம் போட்ட பேனாவையும் அதையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கக் கூடாது.

வெயிலும் ஆகாது. நாள்கணக்கில் வெயில் பட்டால் கறுப்பு எபோனைட் பழுப்பாகிவிடும். தெருப் பார்க்கட்டும் என்று வாசல் கண்ணாடியில் வைக்கிற கடைக்காரர்கள் கவனிக்க! மேற்குப் பார்த்த கடை என்றால் ஸ்டாண்டை உள்ளே தள்ளி வையுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த பருத்தித் துணி போதும்.

மூடிப் பக்கம் மேலே வரும்படி பேனாவைப் படுக்க வைக்க வேண்டும். நிப்பு மேல் நோக்கி இருக்கும். உள்ளே கொஞ்சம் மை மிச்சம் இருந்தாலும் நிப்பை விட்டு இறங்கிவிடும். மூடிக்குள் கசியாது.

மை நிரப்பி எழுதிக் காட்டும் பேனாவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கட்டை. அதில் பேனாவுக்கு ஒரு துளை. மைப்புட்டிக்கு ஒரு பள்ளம். புட்டி கை பட்டுக் கவிழாது.

மரம் மூச்சு விடும்!

"மரம் செத்தாலும் மூச்சு விடும், சார்" என்கிறார் தச்சர்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஈரம் குடித்து அகலத்தில் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் ஒரு நாள் டப்பென்று வெடிக்கும். அதனால் சாய்வுப் பலகையை அடிச்சட்டத்தோடு சேர்க்கும் திருகாணிக்கு வட்டத் துளை போடாமல் நீளத் துளை போட்டார். பலகை நகர்வதற்கு இடம் கிடைக்கும்.

அடியில் நாலு மூலைக்கும் நாலு ரப்பர் புஷ். கண்ணாடி மேல் வழுக்காது. பின்பக்க இரண்டு புஷ் மட்டும் கொஞ்சம் உயரம். ஏன்? தரை பின்னால் இறங்கி இருக்கிறதல்லவா? அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான்! முடிந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

பூட்டு இல்லை, சங்கிலி இல்லை!

"இதற்கு மேலே கண்ணாடி போட்டுப் பூட்டு போட்டுடலாமே?" என்று நாம் கேட்டோம். திருட்டுச் செய்தி எழுதிப் பழகிய வாய்.

முதலாளி தலையை ஆட்டினார். "கையில் எடுக்காம எவனும் இந்தப் பேனாவை வாங்க மாட்டான், தம்பி. கனம் பார்க்கணும். மூடியைத் திருகிப் பார்க்கணும். பூட்டி வெச்சா பார்த்துட்டுப் போயிடுவான்" என்றார்.

அப்படியானால் காவல்?

காவல் அந்தக் குழிகள்தான்! 12 குழி, 12 பேனா. ஒன்று குறைந்தாலும் பல் விழுந்த வாய் மாதிரி பளிச்சென்று தெரிந்துவிடும். வெளிர் மரம் என்பதால் தூரத்திலிருந்தே தெரியும். எண்ணவே வேண்டாம்.

ஒவ்வொரு குழிக்கும் எண் உண்டு. விற்றவுடன் டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்து அந்தக் குழியில் வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் கையில் ஒரு சமயத்தில் ஒரே பேனா. அது குழிக்குத் திரும்பியபின் அடுத்தது. இதுதான் கடையின் புதுச் சட்டம்.

நல்ல வாடிக்கையாளருக்கு இதில் சங்கடம் இல்லை. யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதும் இல்லை. பேனா கீழே விழுந்தால் விழுந்த நிமிஷமே தெரியும். நாலு நாள் கழித்து ஒருவன் பெயர் கெட்டபின் தெரியாது.

மரம், துணி, கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவு ரூ.2 ஆயிரத்து 600. 'போய்விட்டது' என்று நினைத்த பேனாவின் விலையைவிடக் குறைவு!

வீட்டிலும் செய்யலாம்

ஒன்றிரண்டு பேனா வைத்திருக்கிற வாசகர்களுக்கும் இது பயன்படும். தச்சர் சொன்ன யோசனை:-

ஒரு சாண் நீளக் கட்டை போதும். பேனாவின் பருமனோடு 2 மி.மீ. சேர்த்துத் துளை போடுங்கள். நடுவே அறுங்கள். உள்ளே பருத்தித் துணி ஒட்டுங்கள். இரண்டு துண்டையும் பேனா நீளத்துக்கு ஏற்பத் தள்ளி வைத்து ஒரு பலகையில் பொருத்துங்கள். ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

பழைய மரச் சாமான் உடைந்து கிடந்தால் அதுவே போதும். நன்றாகக் காய்ந்த மரம், அதிகம் வளையாது.

உப்புத்தாள் தேய்த்தது யார்?

ஸ்டாண்டு கடைக்கு வந்த நாளில் நாமும் இருந்தோம். தச்சர் முன்னால் வந்தார். பின்னால் துணியில் சுற்றிய ஸ்டாண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் வந்தார்.

கடைப் பையன்!

முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். பையனின் கதையை முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமாகவே வியாசர்பாடிக்குப் போயிருக்கிறார். "கடைக்குப் போக வேண்டாம்னா போக வேண்டாம். என் பட்டறைக்கு வா. உப்புத்தாள் தேய்க்க ஆள் இல்லே" என்று கூப்பிட்டிருக்கிறார். பையன் அன்றே ஒப்புக்கொண்டார்.

அந்த 24 அரைவட்டத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியது அந்தப் பையனின் கைதான்! "பேனா பிடிச்ச கை. எங்கே உரசும், எங்கே உரசாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் தச்சர்.

"இங்கேயே திரும்ப வந்துடேன்பா" என்றார் முதலாளி. குரல் கம்மியிருந்தது.

"இல்லே முதலாளி. மேஸ்திரிகிட்டேயே இருக்கேன்" என்றார் பையன். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

ஸ்டாண்டைக் கண்ணாடி மேல் வைத்தார். டிராயரைத் திறந்தார். எந்தப் பேனா எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக் குழியில் வைத்தார். உடலில் கீறல் விழுந்த அந்தக் கறுப்புப் பேனா 7-வது குழிக்குப் போயிற்று. விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

கடைசிப் பேனாவையும் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"எண்ணிக்குங்க, முதலாளி" என்றார்.

முதலாளி எண்ணவில்லை. எண்ண வேண்டியதே இல்லை. ஒரு குழியும் காலி இல்லை என்பது வாசலில் நின்ற நமக்கே தெரிந்தது.